பழைய யந்திரமும் இரவுப் பிரதியும்

பெங்களூரின் ஈஜிபுரா, கோரமங்களாவை அடுத்த பகுதி. அப்பக்கத்து மழைநீர் பெல்லந்தூர் ஏரியை நோக்கி வடிகிறது. 2017 ஆகஸ்டுப் பெருமழையில் கோரமங்களா வட்டாரத் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. இத்தகைய இடங்களில் தரைத்தளத்துக் கணிப்பொறியிலுள்ள விவரங்களுக்கு வெளியிடத்தில் ஒரு பிரதி இருத்தல் அவசியம். அது நாள்தோறும் வலைப்பின்னல் வழியே செல்லவேண்டியிருக்கிறது.

நெடுநாள் உழைத்த யூனிக்ஸ் சர்வரில், இரவில் தொடங்கிய பிரதி காலையிலும் முடியாவிடின், நினைவகம் போதாதென்று முடிவு செய்வது வழக்கமாகிவிட்டது. அளந்து பாராமல் அவ்வாறு முடிவு செய்தல் தகாது.

வினாடிக்கு 100 மெகாபிட் செல்லும் இணைப்பில் அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் போகும். 500 கிகாபைட்டை அனுப்ப 11 மணி நேரத்திற்கு மேலாகும். இங்கு நினைவகத்தைப் பெருக்கிப் பயன் என்ன? மேலும், இணைப்பின் ஒரு முனை அனுப்புதலையும் பெறுதலையும் ஒரே சமயத்தில் செய்ய, மறுமுனை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுமாறு அமைந்திருந்தால், வேகம் வெகுவாகக் குறையும். இதைச் சரிபார்க்கச் செலவில்லை.

நினைவகத்திலும் குறை நேரலாம். பிரதியெடுக்கையில் வட்டிலுள்ள கோப்புகள் யாவும் படிக்கப்படுகின்றன. மீண்டும் தேவைப்படக்கூடுமென யூனிக்ஸ் அவற்றை நினைவகத்தில் தேக்கி வைக்கிறது. எச்பி-யூஎக்ஸின் பழைய பதிப்புகளில் இத்தேக்கம், வரம்பை மாற்றாவிடின், நினைவகத்தில் பாதிவரை வளரக்கூடியது. இடம் நெருக்கடியானால், இயங்கும் நிரல்களின் பகுதிகள் வட்டுக்குத் தள்ளப்படுகின்றன. 'விஎம்ஸ்டாட்' கட்டளை இதைக் காட்டிவிடும். அப்போது வரம்பைக் குறைப்பதே முதல் மருந்து.

விரைவு மட்டும் போதுமா? 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், பிரதியெடுக்கும் நிரலில் நேர்ந்த பிழையால் சுமார் 77 டெராபைட் ஆராய்ச்சி விவரங்கள் அழிந்தன. காக்க வந்த நிரலே அழிவுக்குக் காரணமாயிற்று. ஆகவே, மாதந்தோறும் சில கோப்புகளையேனும் பிரதியிலிருந்து வேறொரு வட்டில் மீட்டு, மூலத்துடன் ஒப்பிடுதல் வேண்டும். மீட்டுப் பாராத பிரதியை நம்பியிருத்தல் ஆகாது.

இத்திருத்தங்கள் பழைய யந்திரத்திற்குச் சிறிது அவகாசம் அளிக்கும். உதிரிப்பாகங்கள் கிடைக்கும் காலத்திலேயே மாற்றத்திற்குத் திட்டமிடுதல் நலம். களப்பணியாளர் குறித்த மழையளவையும், ஆசிரியர் பதிந்த மதிப்பெண்களையும் இழந்தபின் மறுபடி அளக்கவோ நடத்தவோ இயலாது. புதிய யந்திரத்திற்கு எழுதுமுன், ஓரிரவு உடனிருந்து அளந்து பார்ப்பது பொறுப்பாளரின் கடமையாகும்.