காருக்குள் ஃபைபர் வேலை: பார்க்க சூப்பர்... ஆனா விபத்து நேரத்தில் ஏர்பேக் திறக்குமா?

புது கார் ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் பலர் நேராகப் போகும் இடம் ஆக்சஸரீஸ் கடைதான். சென்னை என்றால் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, எல்லாரும் சொல்கிற மாதிரி சொன்னால் ஜி.பி. ரோடு. சீட் கவர், மேட், டச் ஸ்கிரீன் எல்லாம் போட்டு முடித்த பிறகு, பாட்டு கேட்பதில் ஆர்வம் கொஞ்சம் அதிகமுள்ளவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி: "ஸ்பீக்கருக்கு ஃபைபர்ல தனியா ஒரு பாட் செஞ்சு தர முடியுமா?"

செய்து தருவார்கள். அதுவும் கம்பெனியில் இருந்தே வந்தது போல, காரின் வளைவோடு ஒட்டி உட்காரும்படி செய்து தருவார்கள். திறமையில் குறை சொல்ல எதுவும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கைவேலை வளர்ந்த காலத்தில் நம்ம ஊர் கார்களில் ஏர்பேக் என்பதே அபூர்வம். டேஷ்போர்டு, கதவு, கண்ணாடி ஓரத் தூண் எல்லாமே வெறும் பிளாஸ்டிக் மூடிகள். எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், ஒட்டலாம்.

இப்போது அப்படி இல்லை. ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயமானது. 2022 தொடக்கத்தில் இருந்து முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கும் ஏர்பேக் இல்லாமல் புது கார் வருவதில்லை. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்ற மத்திய அரசின் திட்டம் 2023-ல் கைவிடப்பட்டாலும், போட்டி காரணமாக கம்பெனிகளே அதைக் கொடுக்கத் தொடங்கிவிட்டன. ஶ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாய், தன் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக் என்று 2023 அக்டோபரில் அறிவித்தது. அதாவது, வெறும் மூடியாக இருந்த பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இப்போது வெடித்துத் திறக்கக் காத்திருக்கும் பை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஃபைபர் வேலைன்னா என்ன?

நாகப்பட்டினம், கடலூர் பக்கம் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் பிடித்த ஃபைபர் படகும், காருக்குள் செய்யும் ஸ்பீக்கர் பாடும் ஒரே சரக்குதான். கண்ணாடி இழைகளால் ஆன மேட், அதை நனைக்கும் பாலியஸ்டர் ரெசின், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட். கரூரில் கட்டப்படும் பேருந்துகளின் முன்முகப்பு, பின்முகப்பிலும் இதே ஃபைபர்தான் புழங்குகிறது.

காருக்கு இது புதிதும் இல்லை. அமெரிக்காவின் செவர்லே கார்வெட் 1953-ல் வந்தபோது அதன் முழு பாடியும் கண்ணாடி இழைதான். அந்த முதல் வருடம் தயாரானது 300 கார்கள், எல்லாமே கையால் கட்டப்பட்டவை. இரும்பை அழுத்தி உருவம் கொடுக்க கோடிக்கணக்கில் அச்சு வேண்டும். ஃபைபருக்கு ஒரு பிரஷ்ஷும் பொறுமையும் போதும். ஒரே ஒரு காருக்காக ஒரே ஒரு பாகம் செய்ய இதைவிடச் சுலபமான வழி இன்றைக்கும் இல்லை.

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் காரின் அந்தப் பகுதி முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் அலுமினியத் தாள் போர்த்துவார்கள். ரெசின் சொட்டினாலும் காரில் ஒட்டக்கூடாது என்பதற்காக. பிறகு மேட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டு ரெசினால் நனைப்பார்கள். கத்தரிக்கோலால் வெட்டுவதைவிடக் கையால் கிழித்த ஓரம் நன்றாகப் படியும். ரெசினில் கலக்கும் கேட்டலிஸ்டின் அளவு பொதுவாக 1 முதல் 2 சதவீதம். இதில்தான் அனுபவம் பேசும். நம்ம ஊர் மே மாத வெயிலில் அளவு கொஞ்சம் கூடிப்போனால் டப்பாவிலேயே ரெசின் கட்டியாகி, சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும்.

இறுகியதும் எடுத்தால் காரின் வளைவை அப்படியே நகலெடுத்த ஓடு ஒன்று கையில் இருக்கும். அதன்மேல் ஸ்பீக்கர் அளவுக்கு வெட்டிய எம்.டி.எஃப். வளையத்தை விரும்பிய கோணத்தில் நிறுத்தி, நீளும் துணியை இழுத்துக் கட்டி ரெசின் பூசுவார்கள். அந்த வழுவழுப்பான வளைவு துணியின் இழுவையிலேயே தானாக வந்துவிடும். இதற்கு அப்புறம் உள்பக்கம் மேலும் சில அடுக்கு மேட், வெளியே பட்டி, உப்புத்தாள், மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள். கடைசியில் பெயின்ட் அல்லது ரெக்சின். மொத்த வேலையில் பாதிக்கு மேல் இந்தத் தேய்ப்புதான். அவசரப்பட்டுத் தேய்த்த பாகத்தை வெயிலில் பார்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

வெயில் என்றதும் இன்னொன்று. அமெரிக்காவின் அரிசோனாவில் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியது. சாதாரண ரெசின் முழுசாக இறுகாமல் இருந்தால் இந்தச் சூட்டில் தளரும், வளையும், கூடவே பல வாரங்களுக்குக் காருக்குள் ஒரு கெமிக்கல் வாடை அடிக்கும். "இன்னைக்கே மாட்டிக் குடுங்க" என்று நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த வாடையோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள்.

சிக்கல் தொடங்கும் இடம்: கண்ணாடி ஓரத் தூண்

முன் கண்ணாடியின் இரு பக்கமும் சாய்ந்து நிற்கும் தூணை ஏ-பில்லர் என்பார்கள். ட்வீட்டர் என்னும் சின்ன ஸ்பீக்கரை வைக்க ஒலிப் பிரியர்கள் அதிகம் விரும்பும் இடம் இது. காதுக்கு நேராகச் சத்தம் வரும். பாடகர் முன்னாலேயே நின்று பாடுவது போல இருக்கும். ஃபைபர் பாட் ஆர்டர்களில் அடிக்கடி கேட்கப்படுவதும் இதுதான்.

ஆறு ஏர்பேக் உள்ள கார்களில் அதே தூணை ஒட்டித்தான் கர்ட்டன் ஏர்பேக் வருகிறது. கூரையின் ஓரமாகச் சுருட்டி வைக்கப்பட்ட அந்தப் பையின் முன்முனை ஏ-பில்லரில் பிணைக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் மோதினால் தூணின் மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடி சற்று விலகி வழிவிட வேண்டும், ஆனால் பிய்ந்து பறக்கக் கூடாது. இதற்காகவே அந்த மூடியில் சின்ன நாடா போன்ற பிடிப்புள்ள தனி கிளிப் வைக்கிறார்கள். பார்க்க அற்பமான பிளாஸ்டிக் துண்டு.

ஃபைபர் வேலைக்காக மூடியைக் கழற்றும்போது இந்த கிளிப் உடைவது சகஜம். உடைந்தால் பசை போட்டோ, ஸ்க்ரூ முடுக்கியோ மாட்டிவிடுகிறார்கள். கெட்டியாகத்தான் நிற்கும். பிரச்சினையே அந்தக் கெட்டிதான். திறக்க வேண்டிய நேரத்தில் மூடி விலகாது. விலகினாலும், ஸ்பீக்கரோடு சேர்ந்து கனமான ஒரு துண்டு முகத்தை நோக்கி வரும். ஏர்பேக் விரிய ஆகும் நேரம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணை மூடக்கூட நேரம் இருக்காது.

டேஷ்போர்டின் இடப்பக்க மேல்பகுதிக்கும் இதே கதை. அங்கே பை கிழித்துக்கொண்டு வரவேண்டிய கோடு பல கார்களில் வெளியே தெரியவே தெரியாது. பிளாஸ்டிக்கின் உள்பக்கமாகக் கீறி வைத்திருப்பார்கள். அதன்மேல் ஃபைபர் ஓட்டை ஒட்டி ரெக்சின் போர்த்தினால் அந்தக் கீறலுக்கு வேலையே இல்லாமல் போகும். ஃபைபர் வளைந்து கொடுக்கும் பொருளும் அல்ல. பலமாக அடித்தால் விரிசல் விட்டு, இழைகள் குத்திட்டு நிற்கும் கூர்மையான ஓரங்களாக உடையும்.

ஏர்பேக் இல்லாத இடத்திலும் ஓரங்கள் முக்கியம். விபத்தில் தலை மோத வாய்ப்புள்ள பகுதியில் எந்த முனையும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும் என்கிறது வாகன உட்புறங்களுக்கான ஐ.நா. விதி 21. கத்தி போல ஷார்ப்பாக ஒரு கோடு வந்தால்தான் அழகு என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கதவில் ஓட்டை போட்டா என்ன ஆகும்?

பெரிய ஸ்பீக்கர் வைக்க டோர் பேடை வெட்டுவது பழைய வழக்கம். சில புதிய கார்களில் கதவின் உள்ளே அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. பக்கவாட்டில் ஏதாவது மோதினால் கதவு நசுங்கி, உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் திடீரென்று ஏறும். அதை வைத்துத்தான் பக்கவாட்டு ஏர்பேக்கைத் திறக்கலாமா என்று கார் முடிவெடுக்கிறது. கதவில் புதிதாக ஓட்டை போட்டால் காற்று அந்த வழியாக வெளியேறும். கதவில் துளை போடாதீர்கள் என்று சில கம்பெனிகளின் கையேட்டில் எச்சரிக்கையே இருக்கிறது. அந்தக் கையேட்டை யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

தீப்பிடித்தால்?

2025 அக்டோபர் 14 அன்று ராஜஸ்தானின் ஜெய்சால்மர் அருகே தனியார் பேருந்து தீப்பிடித்ததில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏசி இல்லாத வண்டியை ஏசி பேருந்தாக மாற்றியிருந்தார்கள் என்று அப்போது செய்திகள் வெளியாகின. வண்டிக்குள் பின்னால் சேர்க்கப்படும் பொருட்கள் எப்படி எரியும் என்ற கேள்வி அதன்பிறகு நாடு முழுக்க எழுந்தது. காருக்கும் அதே கேள்வி பொருந்தும்.

கண்ணாடி இழை எரியாது. அதைச் சுற்றியிருக்கும் சாதாரண பாலியஸ்டர் ரெசின் எரியும், அடர்ந்த கரும்புகையோடு எரியும். கம்பெனி பொருத்தும் உட்புறப் பொருட்களுக்கு எரியும் வேகத்தில் உச்சவரம்பு உண்டு. அமெரிக்க விதிப்படி அது நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டர். இந்தியாவிலும் இதற்கென ஐ.எஸ். 15061 என்ற தரநிலை இருக்கிறது. கடையில் செய்யும் பாடை யாரும் எரித்துச் சோதிப்பதில்லை. தீ பரவலைக் குறைக்கும் ரெசின் மார்க்கெட்டில் கிடைக்கிறது, ஆனால் விலை கூடுதல். கேட்டு வாங்கினால்தான் அதைப் போடுவார்கள். ஆம்ப்ளிஃபயர், கனமான வயர்கள் எல்லாம் இதே ஓட்டுக்குள்தான் போகின்றன என்பதால், பியூஸ் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ரெசினைவிட அவசியம்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. மீறினால் 182ஏ பிரிவின் கீழ் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அப்படின்னா ஸ்பீக்கர் பாட் வைத்தால் ஜெயிலா? இல்லை. சட்டம் 'மாற்றம்' என்று சொல்வது வண்டியின் அடிப்படை அமைப்பையே மாற்றும் வேலையை. பதிவுச் சான்றில் எதையும் தொடாத ஒரு பாட் பொதுவாக அதில் வராது. ஆனால் ஏழு சீட் வண்டியில் பின்வரிசையைக் கழற்றி எறிந்துவிட்டு அங்கே முழு அகலத்துக்கு சப்வூஃபர் கட்டினால், இருக்கை எண்ணிக்கையே மாறுகிறது. அது வேறு கணக்கு.

இந்தச் சட்டத்தில் ஒரு வினோதம் உண்டு. வண்டியின் கலரை மாற்றினால் ஆர்.டி.ஓ. கேள்வி கேட்பார், ஏனென்றால் கலர் பதிவுச் சான்றில் இருக்கிறது. ஏர்பேக்கின் வாயில் ஃபைபரை ஒட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். போலீஸ் பிடிக்கவில்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. வாரன்டி, இன்சூரன்ஸ் பக்கம் நிலைமை இன்னும் கறார். கம்பெனி பொருத்தாத பாகங்களை பாலிசியில் தனியாக அறிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டாவிட்டால், அவற்றுக்கு இழப்பீடு எதிர்பார்க்க முடியாது.

செய்பவரின் நுரையீரல்

இந்த விஷயத்தில் காரில் போகிறவரைவிடத் தினமும் ஆபத்தில் இருப்பவர் கடையில் வேலை செய்பவர்தான். ரெசினில் இருந்து வரும் அந்தக் காரமான வாடை ஸ்டைரீன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018-ல் இதை 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம்' என்ற 2ஏ பிரிவுக்கு மாற்றியது. படகு செய்பவர்கள் பெரும்பாலும் கடற்காற்று வீசும் கொட்டகையில் வேலை செய்கிறார்கள். கார் வேலையிலோ, கதவைத் திறந்து வைத்தாலும் ஆள் பாதி உடம்பை உள்ளே நுழைத்துக்கொண்டுதான் ரெசின் பூச வேண்டியிருக்கிறது. கர்சீப்பும் துணி மாஸ்க்கும் இந்த ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க்தான் வேண்டும்.

கேட்டலிஸ்ட் இன்னும் மோசம். ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ரெசின் இல்லாமல் நேராகக் கலந்தால் வெடிக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில், லேபிள் இல்லாத பழைய தண்ணி பாட்டிலில் வைத்திருக்கும் கடையைப் பார்த்தால் அங்கிருந்து கிளம்பிவிடுவது நல்லது.

அப்போ எங்கே செய்யலாம்?

டிக்கியின் மூலையில் சப்வூஃபர் பெட்டி, ஸ்டெப்னி குழிக்குள் ஆம்ப்ளிஃபயர் தட்டு: இவையெல்லாம் ஃபைபருக்கு ஏற்ற இடங்கள். உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்கோ இது வரப்பிரசாதம். கான்டெசா 2002-லும் அம்பாசடர் 2014-லும் நின்றுவிட்டன. ஒடிந்துபோன ஒரு டேஷ்போர்டு மூடிக்காகப் பழைய இரும்புக் கடைகளில் அலைபவருக்கு, உடைந்த துண்டையே அச்சாக வைத்துப் புதிதாக ஒன்று செய்து கொடுக்க ஃபைபர்காரரால் முடியும். அந்த வண்டிகளில் மறைக்க ஏர்பேக்கும் கிடையாது.

புது கார் என்றால், 'ஏர்பேக்' என்று எழுத்து பொறித்த இடங்கள் எல்லாவற்றையும் வேலை தொடங்கும் முன்பே கடைக்காரரோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பது நல்லது. சீட்டின் ஓரத்திலும் அந்த எழுத்து இருக்கும். இறுக்கமான சீட் கவர் போடுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் லைன், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ட்வீட்டர் கட்டாயம் மேலே வேண்டும் என்றால், தூணை விட்டுவிட்டுக் கதவுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் முக்கோண மூடியில் வைக்கச் சொல்லலாம். பல கார்களில் கம்பெனியே அங்குதான் ட்வீட்டர் வைக்கிறது.

இன்னொன்று, கழற்றிய ஒரிஜினல் டோர் பேடையும் தூண் மூடியையும் கடையிலேயே விட்டுவிட்டு வராதீங்க. வண்டியை விற்கப் போகும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.