கரிய கோடுகள் சொல்லும் வேகம்

ஆகாயத்தைப் பற்றிய செய்தி என்றாலே வர்ணங்கள் நிறைந்த புகைப்படத்தைத் தேடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆயினும் நக்ஷத்திரங்களைக் குறித்து மனிதன் திடமாக அறிந்தவற்றுள் பெரும்பகுதி, கண்ணைக் கவராத ஓர் ஒளிப்பட்டையின் குறுக்கே கிடக்கும் கரிய கோடுகளைப் பொறுமையோடு அளந்தவர்களால் கிடைத்தது என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்லாமல் விடுவது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

நக்ஷத்திரம் நம்மை நோக்கி வருமாயின் அக்கோடுகள் ஊதாப் பக்கமும், விலகிச் செல்லுமாயின் சிவப்புப் பக்கமும் நகரும். நகர்வோ மிக அற்பம்: விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகமும் அலைநீளத்தைப் பதினாயிரத்தில் ஒரு பங்கே மாற்றுகிறது. 1868-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹக்கின்ஸ், சிரியஸ் நக்ஷத்திரத்தின் ஹைட்ரஜன் கோட்டைத் தாம் ஒளிரச்செய்த ஹைட்ரஜனின் கோட்டோடு கண்ணாலேயே ஒப்பிட்டு, பூமியின் ஓட்டத்தையும் கழித்து, அது விநாடிக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர் வேகத்தில் விலகுவதாகக் கணித்தார். உண்மையில் அது 5 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த வேகத்தில் நெருங்கிக்கொண்டிருக்கிறது. வழி சரியானதே, காற்றின் சலனத்தால் துடிக்கும் ஒளியில் அவ்வளவு சூக்ஷ்மமான வேறுபாட்டைப் பிடிக்கக் கண்ணால் இயலவில்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் ஹெர்மன் வோகல் அக்கோடுகளைப் புகைப்படத் தகட்டில் பதித்து, பகலில் நுண்ணோக்கியின் கீழ் நிதானமாக அளந்தார். பெர்சியஸ் மண்டலத்து அல்கால் நக்ஷத்திரம் சுமார் 2 நாள் 21 மணிக்கு ஒருமுறை மங்குவதை 1783-இல் எடுத்துரைத்த ஜான் குட்ரிக் என்ற இளைஞர், கட்புலனாகாத ஒரு துணைக்கோளம் அதை மறைப்பதாகலாம் என்று ஊகித்திருந்தார். செவிப்புலன் இழந்தவரான குட்ரிக் இருபத்தொன்றாம் வயதிலேயே மறைந்தார். அவருடைய ஊகமோ நூறாண்டுக்கு மேல் ஊகமாகவே நின்றது. 1889-இல் வோகலின் தகடுகள், மங்குவதற்கு முன் அல்கால் நம்மைவிட்டு விலகுவதையும், மங்கிய பின் நம்மை நெருங்குவதையும் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. அக்காலத்து எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்தறிய முடியாத ஒரு ஜோடியின் சுழற்சியை, அதன் வேகத்தோடும் பருமனோடும் கணக்கிட்டுச் சொல்ல முடிந்ததே, அதனினும் வியக்கத்தக்க புகைப்படம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

நம் மேல்நிலைப் பள்ளிகளில் நிறமாலைமானியைச் சரிசெய்து பாதரச விளக்கின் கோடுகளை அளக்கும் மாணவர்கள், செய்முறைத் தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். வோகல் செய்ததும் கோடுகளின் இடத்தை அளப்பதுதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. புதிய கருவிகள் வாங்க வேண்டியதில்லை. இரண்டு இரவுகளில் பதிந்த அல்காலின் நிறமாலைப் பிரதிகளும், ஒப்பிட ஒரு விளக்கின் கோடுகளும், ஓர் அளவுகோலும் தந்து, அதன் வேகத்தை அவர்களே கணக்கிடும்படி ஒரு பயிற்சியைப் பாடத்திட்டக் குழுவினர் அடுத்த திருத்தத்திலேயே சேர்க்க வேண்டும்.