அணிக்கும் மார்க் போடுங்கள்!

கல்லூரி அணியில் நன்றாக ஆடுகிற பிள்ளைக்குத்தான் படிப்பு அதிகம் கெடுகிறது. மோசமாக ஆடினால் முதல் சுற்றிலேயே தோற்று, திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பிவிடலாம். ஜெயிக்க ஜெயிக்க, வகுப்பறை தூரமாகிக்கொண்டே போகும். திறமைக்குத் தண்டனை போல் அமைந்துவிட்ட இந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நாம் பேசியாக வேண்டும்.

திருவனந்தபுரத்தை எடுத்துக்கொள்வோம். கார்யவட்டத்தில் 1985-ல் தொடங்கிய லட்சுமிபாய் தேசிய உடற்கல்வியியல் கல்லூரி, அருவிக்கரைப் பக்கம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளி, வெள்ளையம்பலத்தில் ஜிம்மி ஜார்ஜ் உள்விளையாட்டரங்கம், மாநில விளையாட்டுக் கவுன்சில், கேரளப் பல்கலைக்கழகம் என எல்லாமே ஒரே ஊரில் இருக்கின்றன. விளையாட்டையும் படிப்பையும் சேர்த்துப் பார்க்க இந்தியாவில் இதைவிடத் தோதான நகரம் கிடைப்பது அரிது.

உதாரணத்துக்கு ஒரு விளையாட்டைப் பார்ப்போம். கேரளக் கூடைப்பந்துக்குப் பெருமை தேடித் தந்தவர்களில் பெண்களுக்கே முதலிடம். கோட்டயம் மாவட்டத்திலிருந்து கிளம்பிய கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் அணிக்கு ஆடினார். அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வு வரை போனார். தெற்கு ரயில்வே அவருக்கு வேலை கொடுத்தது. 2014-ல் அர்ஜுனா விருதும் வந்தது. வயநாட்டின் பி.எஸ்.ஜீனா 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்கே கேப்டன். இவர்களைப் பார்த்துப் பந்தைக் கையிலெடுத்து, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரிக்குள் நுழைகிற பிள்ளைகள் ஏராளம். எல்லோரும் கீதுவாகவோ ஜீனாவாகவோ ஆகிவிட முடியாது. மற்றவர்களின் பிழைப்புக்குக் கைகொடுக்கப்போவது அந்தக் கல்லூரி தருகிற பட்டம்தான்.

அந்தப் பட்டத்தை வாங்குவது அவர்களுக்கு எவ்வளவு பாடு என்று பாருங்கள். கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 ஜூலை முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்ப 133 கிரெடிட் வேண்டும். நான்காம் ஆண்டையும் முடிக்க 177. ஒரு தாளின் 100 மதிப்பெண்ணில் 30 இன்டர்னலுக்குப் போய்விடுகிறது. வகுப்புத் தேர்வு, அசைன்மென்ட், செமினார் என்று செமஸ்டர் முழுக்க அதைச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும்.

அணியில் பாயின்ட் கார்டாக ஆடும் ஒரு பெண்ணுக்கு இது எப்படி முடியும்? விடியும் முன்பே மைதானம், சாயங்காலம் மறுபடி மைதானம். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் கேம்ப். அடுத்து தென் மண்டலப் போட்டி. அது ஹைதராபாத்திலோ மங்களூரிலோ நடந்தால் ரயிலிலேயே நாட்கள் கழியும். மண்டலத்தில் முதல் நான்கு இடத்துக்குள் வந்துவிட்டால் அகில இந்தியப் போட்டி. அதற்கு இன்னொரு கேம்ப், இன்னொரு ரயில். முழங்காலில் ஐஸ் கட்டியோடு அவள் திரும்பி வரும்போது பாடத்தில் இரண்டு யூனிட் ஓடிப்போயிருக்கும். டியூட்டி லீவ் கொடுத்துவிடுவார்கள், வருகைப் பதிவேட்டில் 75 சதவிகிதம் எப்படியோ சரியாகிவிடும். நடத்தி முடித்த அக்கவுன்டன்சி கணக்கை அந்த லீவ் லெட்டர் சொல்லித் தருமா? போட்டி நடந்த வாரம் வைத்த வகுப்புத் தேர்வை அவளுக்காகத் திரும்ப வைப்பார்களா? அது அந்தந்த ஆசிரியரின் மனசைப் பொறுத்தது என்ற நிலைமையில் ஒரு மாணவியின் எதிர்காலத்தை விட்டுவைப்பது நியாயம் அல்ல.

இதனால் விழும் இரண்டு அரியர் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்கள் ரயில்வேயின் ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்பைப் படித்துப் பார்க்கட்டும். லெவல் 2, 3 வேலைகளுக்கு பிளஸ் டூ போதும். லெவல் 4, 5 வேலைகளுக்குப் பட்டம் கட்டாயம். ஏழாவது சம்பளக் கமிஷன்படி லெவல் 2-ன் அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய், லெவல் 5-க்கு 29,200 ரூபாய். மேல் லெவலுக்குத் தேவையான பதக்கம் கழுத்தில் இருந்தாலும், பட்டம் கையில் இல்லாவிட்டால் கீழ்ப் படியில்தான் நிற்க வேண்டும். பணி ஓய்வு பெறும் வரை அந்த இரண்டு அரியர் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் செய்துகொண்டே இருக்கும். விளையாட்டில் வேலையே கிடைக்காதவர்களின் கதை இன்னும் மோசம்.

நம் ஊரில் இதற்கு வைத்திருக்கும் ஒரே மருந்து சலுகை. சேரும்போது கோட்டா, படிக்கும்போது டியூட்டி லீவ், ரிசல்ட் வரும்போது கிரேஸ் மார்க். கேரளத்திலும் இதுதான், தமிழ்நாட்டிலும் கிட்டத்தட்ட இதுதான். சலுகைகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஊருக்காக ஆடுகிற பிள்ளைக்கு அவை உரிமை. ஆனால் அத்தனையும் மாணவரின் கணக்கில் எழுதப்படுகின்றன. பாஸானால் சலுகையால் பாஸானான் என்பார்கள், பெயிலானால் அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்பார்கள். அவனை அழைத்துவந்து, ஆடவைத்து, கோப்பையை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்ட கல்லூரிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பல்கலைக்கழக விளையாட்டுக்கு நாட்டின் மிகப் பெரிய கௌரவமான மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்படுகிறது. களத்தில் குவித்த வெற்றிகளுக்கான கோப்பை அது. அந்த வெற்றிகளைக் குவித்தவர்கள் படிப்பை முடித்தார்களா என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டாமா?

அப்படி ஒரு கணக்கை அமெரிக்கா போட்டுப் பார்த்தது. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2004-ல் கல்வி முன்னேற்ற விகிதம் என்ற முறையைக் கொண்டுவந்தது. உதவித்தொகை பெறும் ஒவ்வொரு வீரருக்கும் செமஸ்டருக்கு இரண்டு புள்ளி. ஆடும் தகுதி போகாத அளவுக்குப் படித்தால் ஒன்று, கல்லூரியை விட்டுப் போகாமல் இருந்தால் இன்னொன்று. அணி மொத்தமாகச் சேர்த்த புள்ளியை 1000-க்குக் கணக்கிடுவார்கள். நான்கு ஆண்டுச் சராசரி 930-க்குக் கீழே போனால் தேசியப் போட்டியில் இடம் கிடையாது.

கூடைப்பந்து போன்ற சின்ன அணிக்கு இது எவ்வளவு கறாரான விதி என்று புரிய ஒரு கணக்கு போதும். 13 உதவித்தொகை வீரர்கள், இரண்டு செமஸ்டர், ஆளுக்கு இரண்டு புள்ளி. ஆண்டுக்கு மொத்தம் 52 புள்ளி. ஒரே ஒருவர் ஒரு புள்ளியைத் தவறவிட்டால் அணி 981-க்கு இறங்கும். படிப்பையும் கோட்டைவிட்டு, கல்லூரியையும் விட்டு இரண்டு பேர் போய்விட்டால் நான்கு புள்ளி காலி. அந்த ஆண்டின் விகிதம் 923. பதினொரு பேர் ஒழுங்காகப் படித்திருந்தாலும் அணி கோட்டுக்குக் கீழேதான். அதனால் அங்கே பயிற்சியாளருக்கு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்றாவது ஆளின் படிப்பும் கவலையாகிவிட்டது. அணிக்கென்று டியூஷன் ஆசிரியர்கள், படிப்பு ஆலோசகர்கள் எல்லாம் அவசியமாகிவிட்டார்கள்.

இதன் வேகத்தை கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி நேரில் பார்த்தது. 2011-ல் தேசிய சாம்பியனான அணி அது. 2009-10 கல்வியாண்டில் அதன் விகிதம் 826 ஆக விழுந்திருந்ததால், 2013 தேசியப் போட்டியில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. தடைக் காலத்தில் கல்லூரியை விட்டு ஓடாமல் அங்கேயே நின்ற வீரர்களோடு, 2014-ல் அதே அணி மறுபடி சாம்பியன் ஆனது.

அமெரிக்க முறையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடச் சொல்கிறோமா? இல்லவே இல்லை. படிக்காமல் போனவர்கள் போய்விட, பின்னால் வந்து ஒழுங்காகப் படித்தவர்கள் தலையில் தண்டனை விழுந்ததும் அதே கனெக்டிகட்டில்தான். பணவசதி குறைந்த, கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகள் இந்த விதியில் அதிகம் அடிபட்டன. டியூஷனுக்குச் செலவழிக்கக் காசு உள்ள கல்லூரிகள் தப்பித்துக்கொண்டன. எண்ணை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு வடக்கு கரோலினா பல்கலைக்கழகம் சாட்சி. 1993 முதல் 2011 வரை அங்கே ஒரு துறையில் வகுப்பே நடக்காத பாடங்கள் நடத்தப்பட்டன. ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் மதிப்பெண். அதில் பலனடைந்த 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள் என்று 2014-ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. பொய்ப் பட்டத்தோடு வெளியே போவதும், பட்டமே இல்லாமல் போவதும் கடைசியில் அந்தப் பிள்ளைக்கு ஒன்றுதான்.

ஆகவே தண்டனையை அங்கேயே விட்டுவிட்டு, பொறுப்பு யாருடையது என்கிற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கேரளமும் தமிழ்நாடும் நான்கு காரியங்களைச் செய்யட்டும். போட்டிக்குப் போனவர்களுக்கு வகுப்புத் தேர்வையும் செமஸ்டர் தேர்வையும் திரும்ப நடத்துவது பல்கலைக்கழகத்தின் கடமை என்று விதியிலேயே எழுதட்டும். போட்டி அட்டவணை போடும்போது தேர்வு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஒரு கேம்ப் நடத்தப் பணம் ஒதுக்கும்போது, விட்டுப்போன பாடத்தை நடத்த ஓர் ஆசிரியருக்கும் சேர்த்து ஒதுக்கட்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எத்தனை பேரைச் சேர்த்தோம், அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். இதில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. விளையாட்டுக் கவுன்சிலும் பல்கலைக்கழகமும் ஒரே ஊரில் இருக்கும் திருவனந்தபுரம் இதைத் தொடங்கிவைத்தால், சென்னை பின்தொடர வேண்டிய கட்டாயம் தானாக வரும்.

அதுவரை காத்திருக்காமல் பெற்றோர்கள் இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பிளஸ் டூ முடிந்ததும் உங்கள் மகனையோ மகளையோ கேட்டுக் கல்லூரிகளிலிருந்து பயிற்சியாளர்கள் வீடு தேடி வருவார்கள். சீட் இலவசம், ஹாஸ்டல் இலவசம், ஷூ இலவசம் என்பார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "போன வருஷம் உங்கள் அணியிலிருந்து வெளியே போனவர்களில் எத்தனை பேர் டிகிரி முடித்தார்கள் சார்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத கல்லூரிக்கு உங்கள் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.