செஞ்சிக்கோட்டைக்குப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

எங்கள் ஒரத்தநாடு பக்கம் மேடு என்றால் வாய்க்கால் கரைதான். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் பௌர்ணமிக்கு வேன் பிடித்துத் திருவண்ணாமலை போகிறார்கள். ராத்திரி 14 கிலோமீட்டர் கிரிவலம். விடிந்ததும் மேல்மலையனூர். 'வந்தது வந்தோம், செஞ்சிக்கோட்டையையும் பார்த்துடலாம்' என்று பதினோரு மணி வெயிலில் ராஜகிரி ஏறுகிறார்கள். மறுநாள் முழங்கால் வீங்கி என்னிடம் வருகிறார்கள்!

கோட்டையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்வேனா? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளை மதிலால் வளைத்த கோட்டை அது. 1677ல் சிவாஜி பிடித்தார். பிறகு அவர் மகன் ராஜாராம் அங்கே இருக்க, ஔரங்கசீப்பின் படை 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டது. 2025ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவித்துவிட்டது. ஒரு பெரிய படையை எட்டு வருஷம் காக்க வைத்த மலையை நாம் இரண்டு மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறோம்.

சித்த மருத்துவம் பதினான்கு வேகங்களை அடக்கக் கூடாது என்கிறது. பசி, தாகம், தூக்கம், இளைப்பு, சிறுநீர் எல்லாம் அதில் அடக்கம். இந்த வேன் பயணத்தில் அத்தனையையும் ஒரே நாளில் அடக்குகிறோம். பெண்கள் பாடு இன்னும் மோசம். வழியில் கழிப்பிடம் இருக்காதே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அந்த உடம்போடு வெயிலில் சுமார் 800 அடி மலை ஏறினால் மயக்கம் வராமல் என்ன செய்யும்? கடுப்போடு சிறுநீர் பிரிவதும் இதனால்தான். வேனை ஏற்பாடு செய்கிற ஆண்களே, கழிப்பிடம் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

'டாக்டர், ஒரு தைலம் கொடுங்க, தடவிக்கிட்டு ஏறிடறேன்' என்பவர்கள் உண்டு. நான் கொடுப்பதில்லை. தைலம் வலியைக் குறைக்கும். பழக்கமில்லாத தொடைக்குப் பலம் தராது. ஏறும்போதை விட இறங்கும்போதுதான் முழங்காலுக்குப் பாரம் அதிகம். ஒரு மாதம் முன்பே தினமும் நடங்கள், வீட்டு மாடிப்படியை ஏறி இறங்குங்கள்.

கிரிவலத்தையும் கோட்டையையும் ஒரே பயணத்தில் சேர்க்காதீர்கள் என்பதே என் கட்சி. எங்களூர் முத்தாம்பாள் சத்திரத்தை 1802ல் இரண்டாம் சரபோஜி எதற்குக் கட்டினார்? யாத்திரை போகிறவர்கள் படுத்து எழுந்து போகத்தானே!

செஞ்சியில் முதல் நாள் தங்கிவிட்டு, விடிந்தவுடன் கிளம்புங்கள். நீராகாரமோ மோரோ குடித்துவிட்டு, கையில் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் வெறும் வயிற்றில் ஏறவே கூடாது. நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, குளிர்ந்த வியர்வை வந்தால், 'வாய்வு' என்று சொல்லிப் பெருங்காயம் கரைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

மூட்டு தேய்ந்த பாட்டியை வேனுக்குள் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். கீழேயே கல்யாண மகால் இருக்கிறது, பெரிய நெற்களஞ்சியம் இருக்கிறது. நெல் விளைகிற ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அந்தக் களஞ்சியத்தைச் சுற்றிப் பார்க்கவே அரை நாள் பிடிக்கும்.