அணிசேராமை நடுநிலைமை அன்று

அணிசேராமை என்றால் எந்தப் பக்கமும் சாயாத நடுநிலைமை என்ற எண்ணம் இலங்கையில் பரவலாக உண்டு. 1954 ஏப்ரல் 28 முதல் மே 2 வரை கொழும்பிலும் கண்டியிலும் கூடிய ஐந்து ஆசியப் பிரதமர்களின் மாநாடு அந்த எண்ணத்துக்குள் அடங்குவதில்லை.

நடுநிலைமை போர்க்காலச் சட்டத்தைச் சேர்ந்தது. நடுநிலை நாட்டின் மண் வழியே போரிடும் தரப்பின் படை செல்லக்கூடாது என்பது போன்ற கடமைகளை 1907 ஹேக் உடன்படிக்கைகள் வகுத்தன. சுவிட்சர்லாந்தின் நிரந்தர நடுநிலைமையை வல்லரசுகள் ஏற்றது 1815இல். அணிசேராமைக்கோ 1961இல் கெய்ரோவில் கூடிய ஆயத்தக் கூட்டம் வகுத்த தகுதிகளே அளவுகோல். வல்லரசு மோதலை ஒட்டிய படைக்கூட்டில் சேராதிருப்பது அவற்றில் ஒன்று. விடுதலை இயக்கங்களை ஆதரிப்பது இன்னொன்று. பக்கம் சாயச் சொல்லும் தகுதி அது.

அணிசேரா நாடு கருத்துச் சொல்லாது என்பதும் பிழை. இந்தோசீனாவில் போர்நிறுத்தம், துனிசியா, மொரோக்கோ மக்களின் சுதந்திரம், ஐ.நா.வில் மக்கள் சீனத்தின் இடம் ஆகியவற்றில் 1954 மாநாடு நிலைப்பாடு எடுத்தது. கம்யூனிசத் தலையீட்டைப் பெயர் சுட்டிக் கண்டிக்க வேண்டுமென்றார் இலங்கைப் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல, இந்தியப் பிரதமர் நேரு உடன்படவில்லை. இழுபறிக்குப் பின், கம்யூனிசமோ கம்யூனிச எதிர்ப்போ வேறு எதுவோ, எந்த வெளிச்சக்தியின் தலையீட்டையும் எதிர்ப்பதாக அறிக்கை வந்தது. வாய் மூடியிருந்தவர்களுக்கு அத்தனை வாக்குவாதம் எதற்கு?

வல்லரசுகளிடமிருந்து ‘சம தூரம்’ என்ற வாதம் இன்னும் பலவீனமானது. 1952இல் இலங்கை சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தபோது, திருகோணமலையிலும் கட்டுநாயக்கவிலும் பிரித்தானியத் தளங்கள் இருந்தன. 1976 அணிசேரா உச்சிமாநாடு நடந்த கொழும்பு மண்டபமோ சீனா கட்டிக்கொடுத்தது. தூரத்தை அளந்து வைத்த கொள்கை எதுவும் இங்கில்லை. தேவைக்கேற்ற கணக்கே இருந்தது.

எல்லாம் 1956இல் பிரதமரான பண்டாரநாயக்கவோடுதான் தொடங்கியது என்பதில் பாதி உண்மை உண்டு: தளங்கள் 1957இல் மீண்டன, சீனாவோடும் சோவியத் ஒன்றியத்தோடும் தூதரக உறவு ஏற்பட்டது. ஆனால் 1954 மாநாட்டைக் கூட்டியவர் மேற்குச் சார்பை மறைக்காத கொத்தலாவல. அங்கு பேசப்பட்ட ஆசிய–ஆபிரிக்க மாநாடு 1955இல் பண்டுங்கில் கூடியபோது, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமும் காலனித்துவமே என்று சொன்னவரும் அவர்தான்.