கிரெடிட் கார்டு பாயிண்ட்டை விமான மைல்ஸாக மாற்றினால் லாபமா? '1-க்கு 1' என்ற கணக்கில் ஒளிந்திருக்கும் விஷயம்!

கிரெடிட் கார்டு பாயிண்ட்டில் மிக்ஸி, டின்னர் செட் வாங்கிய காலம் போய், பாயிண்ட்டிலேயே சிங்கப்பூர் போய் வந்ததாக ரீல்ஸ் போடும் காலம் வந்துவிட்டது. 'பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு வரி மட்டும்தான் கட்டினேன்' என்று சொல்லும் வீடியோக்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்த டிக்கெட்டுக்காக எத்தனை பாயிண்ட் போனது, அதே பாயிண்ட்டை வேறு எங்கே செலவு செய்திருக்கலாம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. விஷயமே அங்கேதான் இருக்கு.

முதலில் அடிப்படை. வங்கி கொடுக்கும் ரிவார்டு பாயிண்ட்டுக்கு ஒரே விலை கிடையாது. எங்கே செலவு செய்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும். எச்டிஎஃப்சி வங்கியின் இன்ஃபினியா கார்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஒரு பாயிண்ட்டை வங்கியின் ஸ்மார்ட்பை தளத்தில் விமானம், ஹோட்டல் புக் செய்யப் பயன்படுத்தினால் 1 ரூபாய். பொருள் வாங்கினால் 50 பைசா. கார்டு பில்லில் கழித்துக்கொண்டால் 30 பைசா. அதே பாயிண்ட், அதே வங்கி, மூன்று விலை. இவை போக நான்காவதாக ஒரு வழி உண்டு. பாயிண்ட்டை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற விமான நிறுவனங்களின் மைல்ஸ் கணக்குக்கு மாற்றிவிட்டு, அங்கே டிக்கெட் எடுப்பது. இதைத்தான் 'பாயிண்ட் டிரான்ஸ்ஃபர்' என்கிறார்கள். இந்த வழிக்கு மட்டும் நிலையான விலை கிடையாது. ஒரு பாயிண்ட்டுக்கு 40 பைசாவும் கிடைக்கலாம், 2 ரூபாயும் கிடைக்கலாம்.

எப்படிக் கணக்குப் போடுவது?

சூத்திரம் ரொம்ப சிம்பிள். டிக்கெட்டின் ரொக்க விலையில் இருந்து, மைல்ஸில் எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரி மற்றும் கட்டணங்களைக் கழிக்க வேண்டும். வரும் தொகையைச் செலவாகும் பாயிண்ட்டால் வகுக்க வேண்டும். மைல்ஸால் அல்ல, வங்கி பாயிண்ட்டால். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

கணக்குக்காக ஒரு உதாரணம். சென்னை - சிங்கப்பூர் போய்வர எகானமி டிக்கெட் 32,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதையே மைல்ஸில் எடுத்தால் 40,000 மைல்ஸ், கூடவே வரி 9,000 ரூபாய். அதாவது 40,000 மைல்ஸ் மிச்சப்படுத்தித் தருவது 23,000 ரூபாய்.

1-க்கு 1 விகிதத்தில் மாறும் கார்டு என்றால் ஒரு பாயிண்ட்டுக்குக் கிடைப்பது 57 பைசா சொச்சம். ஸ்மார்ட்பையில் 1 ரூபாய் கிடைக்கும் பாயிண்ட் அது! இன்னும் உடைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். ஸ்மார்ட்பையில் டிக்கெட் விலையில் 70 சதவீதம் வரை பாயிண்ட்டில் கட்டலாம். 32,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 22,400 பாயிண்ட் போக, 9,600 ரூபாய் கார்டில் கட்ட வேண்டும். மைல்ஸாக மாற்றினால் 40,000 பாயிண்ட்டும் போய், 9,000 ரூபாயும் கட்ட வேண்டும். 600 ரூபாயை மிச்சம் பிடிக்க 17,600 பாயிண்ட்டைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம்.

அதே டிக்கெட்டை ஆக்சிஸ் வங்கியின் அட்லஸ் கார்டு வைத்திருப்பவர் எடுத்தால் கதை வேறு. அந்தக் கார்டின் 1 எட்ஜ் மைல் 2 விமான மைல்ஸாக மாறும். 40,000 மைல்ஸுக்கு 20,000 எட்ஜ் மைல் போதும். ஒன்றுக்கு 1 ரூபாய் 15 பைசா. வங்கியின் சொந்தத் தளத்தில் 1 ரூபாய்தான் என்பதால், மாற்றுவது இங்கே லேசான லாபம். இந்தக் கார்டில் வருடத்துக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்ற உச்சவரம்பும் உண்டு. கூட்டாளி நிறுவனங்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். பெரிய பயணத்துக்குத் திட்டமிடுபவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அதே ஆக்சிஸின் மேக்னஸ் கார்டு. இதில் 5 பாயிண்ட் கொடுத்தால் 2 மைல்ஸ். அப்படியானால் 40,000 மைல்ஸுக்கு 1 லட்சம் பாயிண்ட். ஒரு பாயிண்ட்டுக்குக் கிடைப்பது 23 பைசாதான். கேட்க மோசமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாயிண்ட்டின் சாதாரண மதிப்பே 20 பைசா என்பதால் அவருக்கும் மாற்றுவதுதான் லாபம்! விகிதத்தை மட்டும் பார்த்து 'இந்தக் கார்டு நல்லது, அந்தக் கார்டு மோசம்' என்று முடிவு செய்ய முடியாது என்பது இதனால்தான்.

சேர்த்து வைத்தால் என்ன ஆகும்?

மேக்னஸ் கார்டின் கதையே இதற்குப் பதில். 2023 ஆகஸ்ட் வரை அந்தக் கார்டில் 5 பாயிண்ட்டுக்கு 4 மைல்ஸ் கிடைத்தது. மாதம் 1 லட்சம் ரூபாய் செலவு செய்தால் 25,000 பாயிண்ட் போனஸ் வேறு. மைல்ஸ் பிரியர்கள் இந்தக் கார்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் போனஸ் நிறுத்தப்பட்டது, ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாயில் இருந்து 12,500 ஆனது, விகிதம் 5-க்கு 2 ஆகக் குறைந்தது. பர்கண்டி வாடிக்கையாளர்களுக்கான மேக்னஸ் கார்டுக்கு மட்டும் பழைய விகிதம் நீடித்தது. நேற்று வரை 50,000 பாயிண்ட்டில் எடுத்திருக்கக்கூடிய அதே சிங்கப்பூர் டிக்கெட்டுக்கு, மறுநாள் 1 லட்சம் பாயிண்ட். சேமிப்பின் பயண மதிப்பில் பாதி காலி.

பாயிண்ட் என்பது டெபாசிட் கிடையாது. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, பாயிண்ட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. அதற்கு வட்டியும் வராது. 'ஓய்வு பெற்ற பிறகு யூரோப் டூர்' என்று பத்து வருடம் பாயிண்ட் சேர்ப்பவர்கள், பணவீக்கத்தைவிட வேகமாகத் தேயும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, மதிப்பு குறைவதற்குள் எல்லாவற்றையும் விமான நிறுவனத்துக்கு மாற்றிவிடலாமா? அதிலும் ஆபத்து இருக்கு. மாற்றிய பாயிண்ட் திரும்பி வராது. தெரியாமல் மாற்றிவிட்டேன் என்று கஸ்டமர் கேரில் சொன்னாலும் பயனில்லை. மேலும் மைல்ஸுக்குக் காலாவதி தேதியும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் 3 ஆண்டுகளில் காலாவதியாகும்.

அதைவிட முக்கியம், விமான நிறுவனமே காணாமல் போகலாம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் சேவையை நிறுத்தியபோது ஜேபிமைல்ஸ் வைத்திருந்தவர்களின் மைல்ஸ் உடனே அழிந்துவிடவில்லை. அந்தத் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால், அதே ஆண்டில் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறித் தொடர்ந்தது. ஆனால் ஏறிப் போக ஜெட் விமானம்தான் இல்லை. விஸ்தாரா விஷயத்தில் முடிவு இவ்வளவு மோசமில்லை. 2024 நவம்பர் 12-ல் அந்த நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணைந்ததும், கிளப் விஸ்தாரா பாயிண்ட்டுகள் ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்புக்குப் போயின. எந்த விதிகளை நம்பிச் சேர்த்தார்களோ, அந்த விதிகள் மட்டும் கூடவே வரவில்லை.

எனவே வரிசை இதுதான்: முதலில் விமானத்தில் மைல்ஸ் சீட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு கணக்குப் போட வேண்டும், கடைசியாகத்தான் பாயிண்ட்டை மாற்ற வேண்டும். சில கூட்டாளி நிறுவனங்களுக்கு நிமிடங்களில் மாறிவிடும். சிலவற்றுக்குப் பல நாட்கள் ஆகும். அதற்குள் சீட் போய்விடும் வாய்ப்பையும் மனதில் வைக்க வேண்டும்.

சீட் கிடைப்பதுதான் பெரிய சிக்கல்

குறைந்த மைல்ஸில் கிடைக்கும் 'சேவர்' சீட்டுகளை விமான நிறுவனங்கள் எண்ணித்தான் விடும். மே மாத லீவில், தீபாவளி வாரத்தில், குடும்பமே கிளம்பும் நேரத்தில் நான்கு சேவர் சீட் ஒன்றாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு. தனியாளாக, தேதியை முன்னே பின்னே நகர்த்தக்கூடியவருக்கு மைல்ஸ் நன்றாக வேலை செய்யும். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளோடு பயணிப்பவருக்கு அவ்வளவு சுலபமில்லை. ரீல்ஸ் போடுபவர்களில் பெரும்பாலோர் முதல் வகை என்பது தற்செயல் அல்ல.

திருச்சி, கோவை பயணிகளுக்கு இன்னொரு சங்கடம். அங்கிருந்து சிங்கப்பூருக்குப் பறப்பது அதே குழுமத்தின் மலிவு விமானமான ஸ்கூட். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சேவர் அட்டவணை அங்கே ஓடாது. ஸ்கூட்டின் ரொக்கக் கட்டணமே குறைவு என்பதால், அந்த டிக்கெட்டுக்கு மைல்ஸ் செலவிடுவது பெரும்பாலும் நஷ்டம்.

எந்த விமானத்தில் பறக்கிறோமோ அதே நிறுவனத்தின் மைல்ஸ்தான் வேண்டும் என்பதும் இல்லை. சென்னையில் இருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகும் லுஃப்தான்சா விமானத்தில், அதே ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் உள்ள அமெரிக்காவின் யுனைடெட் மைல்ஸை வைத்தும் சீட் எடுக்கலாம். ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? சில நிறுவனங்கள் மைல்ஸ் டிக்கெட்டிலும் 'எரிபொருள் கூடுதல் கட்டணம்' என்று ஆயிரக்கணக்கில் வசூலிக்கும். யுனைடெட்டும், ஏர் கனடாவின் ஏரோபிளானும் அதை வசூலிப்பதில்லை. நீண்டதூர விமானங்களில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வசூலிக்கும் தொகை சில நேரம் டிக்கெட்டையே ரொக்கத்தில் எடுத்திருக்கலாமே என்று நினைக்க வைக்கும். ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ், ஃபின்ஏர் எல்லாம் இப்போது ஏவியோஸ் என்ற ஒரே மைல்ஸைப் பயன்படுத்துகின்றன. அவற்றுக்குள் 1-க்கு 1 என்று நகர்த்திக்கொள்ளலாம். லண்டன் போக பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒத்துவராவிட்டால் தோஹா வழியாகக் கணக்குப் பார்க்கலாம்.

பிசினஸ் கிளாஸ்: உண்மையில் எவ்வளவு மிச்சம்?

மைல்ஸில் 'ஒரு பாயிண்ட்டுக்கு 2 ரூபாய்' என்று சொல்லப்படும் கணக்குகள் பெரும்பாலும் பிசினஸ் கிளாஸில்தான் வரும். நமது உதாரணத்தில் பிசினஸ் டிக்கெட் 1,20,000 ரூபாய், மைல்ஸில் 90,000, வரி 11,000 என்று வைத்தால், பாயிண்ட்டுக்கு 1 ரூபாய் 21 பைசா வரும். 1 ரூபாயைவிட அதிகம், மறுக்க முடியாது. ஆனால் கையில் 1,20,000 ரூபாய் இருந்தால் நான்கு மணி நேரப் பயணத்துக்கு அதைக் கொடுத்திருப்போமா? இல்லை என்றால், அந்த 'மிச்சம்' காகிதத்தில்தான் இருக்கு. அதே 90,000 பாயிண்ட்டில், 70 சதவீத விதிப்படி, மூன்று பேருக்கு எகானமி டிக்கெட் எடுக்க 67,200 பாயிண்ட்டும் 28,800 ரூபாயும் போதும். 22,800 பாயிண்ட் மீதியும் இருக்கும். படுத்துக்கொண்டு போகும் ஒரு அனுபவமா, மூன்று பேரின் பயணமா என்பது அவரவர் விருப்பம். 10 மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டிய, முதுகுவலி உள்ள பெரியவருக்கு முதலாவது நியாயமாகவே தோன்றலாம்.

இனிஷியல் பிரச்சினை

இது தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி. கார்டில் 'முருகன் எஸ்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'முருகன் சுப்பிரமணியன்' என்று விரிந்திருக்கும். விமான நிறுவனக் கணக்கை இரண்டும் இல்லாமல் மூன்றாவது விதமாக ஒரு பெயரில் தொடங்கியிருப்பார். பாயிண்ட்டை மாற்ற கார்டில் உள்ள பெயரும் மைல்ஸ் கணக்கின் பெயரும் பொருந்த வேண்டும், விமானம் ஏற டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பொருந்த வேண்டும். மைல்ஸ் கணக்கை பாஸ்போர்ட் பெயரில் தொடங்கிவிட்டு, வங்கியில் உள்ள பெயரை அதற்கேற்பத் திருத்திக்கொள்வதுதான் பாதுகாப்பு. டிக்கெட் தேவைப்படும் வாரத்தில் இதைச் செய்ய முடியாது, முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். குடும்பத்தினருக்கு டிக்கெட் எடுப்பதிலும் விதிகள் உண்டு. கிரிஸ்ஃப்ளையரில் 5 பேர் வரை நாமினியாகச் சேர்த்து, அவர்களுக்கு மட்டுமே உங்கள் மைல்ஸில் டிக்கெட் எடுக்கலாம்.

ஹோட்டலுக்கு மாற்றலாமா?

பல ஹோட்டல் திட்டங்களில் மதிப்பு கம்மி. விதிவிலக்கு, நோவோடெல், ஐபிஸ் ஹோட்டல்களை நடத்தும் அக்கோர். அங்கே 2,000 பாயிண்ட்டுக்கு 40 யூரோ என்று நிலையான மதிப்பு. யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு பாயிண்ட் 2 ரூபாய். சீட் தேடும் தொல்லை இல்லை, சென்னை நோவோடெல்லில்கூடக் கழித்துக்கொள்ளலாம். உங்கள் வங்கி 2 பாயிண்ட்டுக்கு 1 அக்கோர் பாயிண்ட் தருகிறது என்றால், உங்கள் பாயிண்ட்டுக்கு 1 ரூபாய் கிடைக்கிறது. 1-க்கு 1 என்றால் யோசிக்கவே வேண்டாம்.

பாக்கி வைத்தால்?

இந்தக் கணக்கு எல்லாம் மாதாமாதம் முழு பில்லையும் கட்டுபவர்களுக்குத்தான். பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். கிரெடிட் கார்டு வட்டிக்கு ஆண்டுக்கு 30 சதவீதம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் போட்ட உச்சவரம்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. 1 லட்சம் ரூபாய் செலவு செய்தால், 150 ரூபாய்க்கு 5 பாயிண்ட் தரும் உயர்ரக கார்டில் கிடைப்பது சுமார் 3,333 பாயிண்ட். அந்த 1 லட்சத்தைக் கட்டாமல் ஒரே ஒரு மாதம் தள்ளிப்போட்டால், 3.5 சதவீத வட்டியும் அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 4,130 ரூபாய்.