குழந்தைக்குத் தைராய்டு ஸ்கேன் தேவையா?

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பெண் தன் பத்து வயது மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "டாக்டரம்மா, குழந்தைகளுக்கெல்லாம் தைராய்டு கான்சர் ஜாஸ்தியாயிட்டு வருதாமே! இவளுக்கு ஒரு ஸ்கேன் எழுதிக் குடுங்களேன்" என்றாள். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று முகமே சொல்லிற்று.

"முதல்லே உட்காரும்மா, காப்பி குடி" என்றேன். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வருவது மிக அபூர்வம். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பத்து லட்சம் பேரில், வருஷத்துக்கு ஒருசிலருக்குத்தான் வரும். இந்தக் கணக்கு ஏறினால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நோயே கூடுவது. மற்றொன்று, நாம் தேடுவது கூடுவது. இரண்டையும் உலகம் பார்த்திருக்கிறது.

முதலாவது செர்னோபில். 1986 ஏப்ரல் 26 அன்று, அப்போது சோவியத் யூனியனில் இருந்த உக்ரைனில் அந்த அணுமின் நிலையம் வெடித்தது. காற்றில் பரவியவற்றில் ஒன்று கதிரியக்க அயோடின். அது புல்லில் படிந்தது. புல்லை மேய்ந்த பசுவின் பாலில் இறங்கியது. பாலைக் குடித்தவர்கள் குழந்தைகள்! கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கும் தைராய்டு சுரப்பிக்கு அயோடின்தான் தீனி. நல்ல அயோடின், கெட்ட அயோடின் என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

கிராமத்துத் தாய்மார்களுக்கு வேளையில் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. உடம்புக்கு நல்லது என்று தங்கள் கையாலேயே கொடுத்தார்கள். பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும், கதிரியக்கம் போகாது. ஆனால் இந்த அயோடின் எட்டு நாளுக்கு ஒரு தரம் பாதியாகக் குறையும். சில மாதம் பழைய பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்திருந்தாலே பெரும் ஆபத்து விலகியிருக்கும். நினைத்தால் வயிறு எரிகிறது. அண்டை நாடான போலந்து சட்டென்று விழித்துக்கொண்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சாதாரண அயோடின் மருந்தைக் கொடுத்து, கெட்டது நுழைய இடமில்லாமல் செய்தது.

நாலைந்து வருஷத்தில் பெலாரஸ், உக்ரைன் குழந்தைகளின் கழுத்தில் கட்டிகள் தோன்றின. 1992-ல் பெலாரஸ் டாக்டர்கள் இதை உலகுக்கு அறிவித்தார்கள். விபத்தின்போது பதினெட்டு வயதுக்கு உட்பட்டிருந்தவர்களில், 2005-க்குள் 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் கண்டது. இவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். அதுவரை இறந்தவர்கள் 15 பேர். விபத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைகளிடம் கணக்கு பழையபடி இறங்கிவிட்டது.

இரண்டாவது ஜப்பான். 2011 மார்ச்சில் புகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து. அங்கே பாலைச் சீக்கிரமே தடுத்துவிட்டார்கள். குழந்தைகள் உடம்பில் சேர்ந்த கதிரியக்கம் செர்னோபிலைவிட மிகக் குறைவு. ஆனாலும் பயம் விடுமா? சுமார் 3 லட்சம் குழந்தைகளின் கழுத்தை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தார்கள். முதல் சுற்றிலேயே நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் புற்றுநோய், அல்லது அதன் சந்தேகம்! ஊரே நடுங்கிற்று. பிறகு விபத்தின் வாடையே படாத நாகசாகி முதலிய மூன்று இடங்களில் 4,365 குழந்தைகளைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள்!

புகுஷிமாவில் கணக்கு ஏறியதற்குக் காரணம் கதிரியக்கமல்ல, நுட்பமாகத் தேடியதே என்று ஐ.நா. விஞ்ஞானக் குழு 2021-ல் சொன்னது. தைராய்டில் சில கட்டிகள் கடுகளவாய் ஆயுசு பூராவும் பேசாமல் கிடக்கும். கண்ணில் பட்டுவிட்டால்? ஊசி, ஆபரேஷன், சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் தினம் மாத்திரை. எல்லா நாட்டு ஏற்றத்துக்கும் இதுவே முழுக் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு குறையும் இல்லாத குழந்தைக்கு ஸ்கேன் எடுப்பது, வினையை வலியக் கூப்பிடுவதுதான்.

அதற்காகக் கட்டி இருந்தும் சும்மா இருந்துவிடாதீர்கள். குழந்தைகளிடம் தைராய்டுக் கட்டி குறைவு. ஆனால் வந்தால் அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். குழந்தையை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். கழுத்தின் முன்பக்கம் ஏதாவது உருண்டு மேலேறி இறங்கினால், வலிக்கவில்லை என்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்தின் பக்கவாட்டில் வாரக்கணக்கில் வடியாத நெறிகட்டி, காரணமில்லாமல் கரகரத்தே இருக்கும் குரல், முன்பு கழுத்தில் கதிர்வீச்சு வைத்தியம், குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் — இவை இருந்தாலும் காட்ட வேண்டும். அப்போது ஸ்கேன் வீணல்ல, அவசியம். நோயே என்றாலும் மனம் தளர வேண்டாம். சிகிச்சையில் மிக நன்றாகக் குணமாகும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. சமையலுக்கு அயோடின் உப்பு போதும். அயோடின் மாத்திரையைத் தானாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

எதிர்வீட்டுக் குட்டியும் தண்ணீர் விழுங்கிக் காட்டினாள். கழுத்து வழவழவென்றுதான் இருந்தது. "அப்போ ஸ்கேன் வேண்டாமா?" என்றாள் அம்மாக்காரி.

"வேண்டாம். இன்னிக்காவது நிம்மதியாத் தூங்கு" என்றேன்.